நாக்கைத் தூக்கிக் காட்டு

பேக்கரியின் பின்பக்கம் முட்டை உடைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. எப்போதும் ஈரம் வடிகிற தரை, ஒரு தகர மேசை, ஓடு போட ஒரு டிரம், அவ்வளவுதான். அங்கே நேராக வாளியில் யாரும் முட்டையை உடைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து, நல்லதென்று தெரிந்த பிறகுதான் வாளியில் கவிழ்க்க வேண்டும். கெட்டது ஒன்று விழுந்தால் வாளி மொத்தமும் சாக்கடைக்கு. மற்றவர்கள் கிண்ணத்தில் குனிந்து குனிந்து முகர்வார்கள். ஒருத்தி மட்டும், ஓட்டில் கீறல் விழும்போதே "இது ஆகாது" என்று டிரம்மில் எறிந்துவிடுவாள். அதனால் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அவள் புருஷன் பணம் கொண்டுபோகிற வண்டியில் காவல்காரர். பெட்டியை இறக்கும்போது இரட்டைக்குழல் துப்பாக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கி பயிற்சி மைதானத்து மண்மேட்டைத் தவிர எதையும் சுட்டதில்லை. லைசென்ஸ் அவர் பெயரில். துப்பாக்கி கம்பெனி டிப்போவில் பூட்டிக் கிடக்கும், வீட்டுக்கு வராது. லைசென்ஸ் இருக்கிறவனுக்குத்தான் வேலை. இல்லாதவனுக்கு அந்தக் கம்பெனியில் வாசல் பெருக்கக்கூட இடம் கிடையாது.

காவல்காரருக்கு ஒரு வியாதி உண்டு. நெருப்பு என்றால் வாய் வெந்துவிடாது, சொல்லிவிடலாம்: மனநோய். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். ஊரில் இல்லாத சந்தோஷம். தூங்க மாட்டார், உட்கார மாட்டார், பேச்சை நிறுத்த மாட்டார். அப்புறம், ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் எவனோ விஷம் கலக்கிறான் என்று பிடித்துக்கொண்டார். வீட்டுப் பானைகளை எல்லாம் போட்டு உடைத்து, குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கடப்பாரையோடு வாசலில் உட்கார்ந்தார். தண்ணீர் திறந்துவிட வந்தவன் மண்டை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆரம்பத்தில் அதை நாக்குக்கு அடியில் ஒளித்து, கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிடுவார். மூக்கக்கா விடுவாளா? காலைச் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அவர் வாய்க்கு நேராக நீட்டுவாள். வாயைத் திறக்க வேண்டும். தண்ணீர். முழுங்கு. "நாக்கைத் தூக்குங்க." தூக்கிக் காட்ட வேண்டும். வியாதி அடங்கி, ஒளிக்கிற புத்தியும் போய், மகள் பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. கல்யாண வீடோ பஸ் ஸ்டாண்டோ, அவள் உள்ளங்கை வாய்க்கு நேராக வந்தால் போதும், வாய் தானாகத் திறக்கும், நாக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும். மகள் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். "அப்பாவுக்குச் சாவி குடுத்தாச்சா?" என்பாள்.

மாத்திரை ஆளைக் கொஞ்சம் மந்தமாக்கியது. தொப்பை விழுந்தது. தேநீர் டம்ளரைப் பிடித்தால் விரல் லேசாக நடுங்கும். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் அந்த வீடு நிம்மதியாகத் தூங்கியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில்தான் கம்பெனி மேனேஜர் கால் வைத்தார். விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சேறு அப்பிய ஷூவோடு, அப்போதுதான் துடைத்த தரையில் நாற்காலி வரைக்கும் தடம் பதித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. மூக்கக்கா வேலை பார்க்கிற பேக்கரி டப்பாதான். அதில் உள்ள முட்டையை அவளே உடைத்திருப்பாள்.

"ஒண்ணும் பெரிசில்லம்மா," என்று ஆரம்பித்தார். "லைசென்ஸ் புதுப்பிக்கிறப்போ இந்தத் தடவை புதுசா ஒரு கேள்வி போட்டிருக்காங்க. மனசுக்கு மருந்து சாப்பிடுறீங்களா, இல்லையான்னு. சாப்பிடுறேன்னா லைசென்ஸ் கிடையாது."

"சாப்பிடுறதாலதானே சார் நல்லா இருக்கார்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். காகிதத்துக்குத் தெரியுமா?"

"டாக்டரம்மாகிட்ட எழுதி வாங்கிட்டு வர்றேன். ஒழுங்கா மாத்திரை சாப்பிடுறார், ஒரு தொந்தரவும் இல்லைன்னு."

"ஐயோ, அதுதாம்மா வெனை. 'மாத்திரை'ன்னு ஒரு வார்த்தை இருந்தா மேல படிக்கவே மாட்டாங்க. தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க." மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "நான் சொல்றதைக் கேளுங்க. கொஞ்ச நாளைக்கு நிறுத்திடுங்க. ரத்தத்துல பார்த்தா தெரியக் கூடாது, அதுக்குத்தான். கையை வேற நீட்டச் சொல்வாங்க. மாத்திரை சாப்பிடுற கை ஆடும். நிறுத்தினா ஆடாது. சர்டிபிகேட்டுக்கு நம்ம ஆள் ஒருத்தர், மருந்துக்கடைக்கு மேல மாடியில உக்காந்திருக்கார். முத்திரை விழுந்த மறுநாளே பழையபடி குடுங்க. எவன் வந்து கேக்கப் போறான்?"

"நிறுத்தினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது சார்."

"கொஞ்ச நாள்தானேம்மா."

மூக்கக்கா பிஸ்கட் டப்பாவை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தாள். நல்லவிதமாகப் பேசுகிற மாதிரி பேசி, வீட்டுக்குள் பாம்பை விட்டுவிட்டுப் போகிற ஆளை வேறு என்ன செய்வது?

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? உங்க வண்டியில இன்னொருத்தர் வர்றாரே, சீசான்னு கூப்பிடுவீங்களே. விடிஞ்சதும் ஊத்திக்கலைன்னா அவருக்குக் கை கிடுகிடுன்னு ஆடும். ஊத்திக்கிட்டா நின்னுடும். போன மாசம் பொண்டாட்டி கையை முறிச்சுப்போட்டார். அவருக்கு லைசென்ஸ் உண்டா?"

"குடியைப் பத்திக் கேள்வி இல்லம்மா," என்றார் மேனேஜர், வெளியே மழை விட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே.

அவர் போனதும் தரையை மறுபடி துடைத்தாள். பிஸ்கட் டப்பாவை யாரும் பிரிக்கவில்லை.

மறுநாள் நாத்தனார் வந்தாள். காவல்காரருக்கு அக்கா, அடுத்த தெரு. தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று நாலு பேருக்கு நடுவில் சொல்லாத நாள் கிடையாது. வந்தவள் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, மூடி, சண்டைக்கு வசதியாக உட்கார்ந்தாள்.

"அவன் என்ன, மாத்திரையோடவா பொறந்தான்? நீதான் அவனை நோயாளியாவே வெச்சிருக்கே. வயசுக்கு வந்த பொண்ணு முன்னாடி நாக்கைத் தூக்கு, வாயைத் தொறன்னு. ஆம்பளைக்கு அது ஒரு மரியாதையா?"

"அன்னிக்குக் கடப்பாரையோட உக்காந்திருந்தாரே அண்ணி, அப்போ மரியாதையா இருந்துச்சா? அந்தப் பக்கமே நீங்க எட்டிப் பாக்கலையே."

"எந்தக் காலத்துக் கதை. அதையே புடிச்சுத் தொங்கு. வேலை போச்சுன்னா உன் முட்டையை நக்கிட்டா மூணு பேரும் இருப்பீங்க?"

காவல்காரர் சுவரோரம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தும், அடுத்த வீட்டு வழக்கைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள் மூக்கக்கா.

"எனக்கு நிக்கிற வேலையைத் தவிர வேற என்ன தெரியும்? வேணும்னா உன்கூட முட்டை உடைக்க வர்றேன்."

"உங்க கைக்கு ஆம்லெட்டுதான் போட முடியும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த அசட்டுத்தனத்தில்தான் சரி என்று சொன்னாள். மகள் படிப்பு, வீடு, நாத்தனார் வாய் எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளின என்பது உண்மைதான். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைக்கு அவளும் ஒரு கரண்டி பிடித்தாள். மாத்திரை அட்டையை நாத்தனார் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "உன்கிட்ட இருந்தா நீ குடுத்துடுவே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலில் எல்லாம் நல்லதாகத்தான் தெரிந்தது. கை நடுக்கம் நின்றது. "இன்னிக்கு ரசம் பிரமாதம்" என்றார். சோற்றுக்கு ருசி சொல்லி அவள் கேட்டு எத்தனையோ வருஷம். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். நாத்தனார் வந்து பார்த்து, "பாத்தியா, என் தம்பி எப்படி இருந்தவன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்புறம் விடிவதற்கு முன்பே எழுந்து தெரு முழுக்கப் பெருக்கினார். கதவுக்கு ஒரு நிறம், ஜன்னலுக்கு ஒரு நிறம் என்று பெயிண்ட் அடித்தார். ஒரு கட்டுக் குடை வாங்கி வந்து போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுத்தார். தெருவே அவரைக் கொண்டாடியது. "அண்ணனுக்கு வயசே திரும்பிடுச்சு, என்ன சுறுசுறுப்பு," என்று குடையை வாங்கிக்கொண்டவர்கள் சொன்னார்கள். மூக்கக்காவுக்கு அந்தப் பல்லிளிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் பாயை விரித்தால் அவர் பக்கம் பாய் சுருங்காமலே இருந்தது. தூக்கம் போய்விட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மாடி டாக்டரிடம் போனது அப்போதுதான். டாக்டர் நாடி பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். அசையாத கை. காவல்காரர் சொன்ன கதையைக் கேட்டு டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாராம். "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் இப்படி இருந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். மேனேஜர்தான் வந்து பெருமையாகச் சொன்னார். நல்ல மனுஷனாக இருந்தபோது தகுதி இல்லை, கழன்றுகொண்டிருக்கிறபோது முதல் தரம். தூ, இதற்கு ஒரு டாக்டர், அவருக்கு ஒரு மாடி.

அன்றைக்கு விளக்கேற்றுகிற நேரம். காவல்காரர் சமையலறையில் குடத்துக்குள் தலையை விட்டு நின்றார்.

"என்னங்க தேடுறீங்க?"

"இந்தத் தண்ணியில ஒரு வாசனை வருது. உன் மூக்குக்குத் தெரியலையா?"

மூக்கக்கா கையிலிருந்த விளக்கைக் கீழே வைத்தாள். குடத்தருகில் குனிந்து முகர்ந்தாள். "ஒண்ணும் இல்லியே. நல்ல தண்ணி."

"முட்டைக்குள்ள இருக்கிறதையே மோந்து சொல்ற ஆளு நீ. உனக்கே தெரியலைன்னா?" அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன்னையும் சேத்துக்கிட்டானுங்க. சரி, பரவாயில்ல. நாளைக்கு முத்திரை விழுந்துடும். அப்புறம் துப்பாக்கியை டிப்போவுல குடுக்கப் போறதில்ல. தொட்டிகிட்ட நானே நிக்கிறேன். எவன் கிட்ட வர்றான்னு பாக்குறேன்."

குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் மகளுடைய புத்தகப் பை வரைக்கும் ஓடியது. மகள் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

மூக்கக்கா மகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். "அண்ணி, மாத்திரையைக் குடுங்க. ஆரம்பிச்சுட்டார்."

"நாளைக்குக் காலையில முத்திரை விழப் போகுது. இப்போ குடுத்துக் கெடுக்கப் பாக்குறியா?"

"தொட்டிகிட்ட துப்பாக்கியோட நிப்பேங்கிறார்."

"வாய் வார்த்தைக்குச் சொல்லியிருப்பான். குரைக்கிற நாய் கடிக்காது. போ, போய்ப் படு."

மகளை நாத்தனார் வீட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் காலையில் புதுச்சட்டையோடு கம்பெனி வண்டியில் ஏறி அவர் போய்விட்டார். அவள் என்ன செய்வதென்று தெரியாமல், கால் பழகிய வழியே பேக்கரிக்குத்தான் போனாள்.

உட்கார்ந்தாள். உடைத்தாள். கிண்ணம், வாளி, கிண்ணம், வாளி. பக்கத்திலிருந்தவள்தான் முதலில் மூக்கைப் பிடித்தாள். "ஐயே, என்னக்கா இது." அறை முழுக்க நாற்றம். பச்சையும் கறுப்புமாக ஒன்று வாளிக்குள் மிதந்தது. மூக்கக்காவின் வாளி. அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நடக்காதது. சூபர்வைசர் ஓடிவந்து கத்தினான். வாளி மொத்தமும் சாக்கடையில் போனதை அவள் நின்று பார்த்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. முட்டைக்கு வந்த குமட்டல் இல்லை. வீட்டில் ஒன்று அழுகுவதை முகர்ந்து, தெரிந்து, தெரிந்தே வாளியில் கவிழ்த்தவள் தான்தான் என்று தோன்றிய குமட்டல்.

கையைக்கூடக் கழுவவில்லை. நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கேட்கவில்லை. அவள் முந்தானை முடிச்சைப் பிடித்து அவிழ்த்து அட்டையை எடுத்துக்கொண்டாள். முட்டை நாற்றத்துக்கு நாத்தனார் தள்ளி நின்றாள். கதவுப் பக்கம் நின்ற மகள், "சீக்கிரம் போம்மா," என்றாள்.

லைசென்ஸ் ஆபீசில் நனைந்த குடைகளின் வாடை. வரிசை நீளமாக இருந்தது. மேசையில் ஆபீசர். பக்கத்தில் சரிபார்க்கக் கொண்டுவந்த துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய அட்டை. முத்திரை விழுந்ததும் அவரவர் கையில் கொடுத்துவிடுவார்கள். காவல்காரர் மேசை முன்னால் நின்று என்னவோ சொல்ல, குமாஸ்தாக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின்னால் சீசா. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

மூக்கக்கா வரிசையைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"சார், அவருக்குக் குடுக்காதீங்க."

"நீங்க யாரும்மா?"

"அவர் சம்சாரம். மனசுக்கு மாத்திரை சாப்பிடுற ஆளு சார் அவர். நல்லா இருந்தார். இந்த முத்திரைக்காக நிறுத்தினோம். இப்போ நல்லா இல்ல."

மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். "அம்மா, வீட்டுக்குப் போங்க."

ஆபீசர் காகிதத்தைப் புரட்டினார். "இப்போ சாப்பிடுறாரா?"

"இல்ல சார். அதான் சொல்றேன்."

"சாப்பிடலைன்னா தகுதி இருக்கேம்மா. டாக்டர் எழுதியிருக்கார், ரத்தம் பார்த்திருக்கு, கை ஆடலை."

"தண்ணியில விஷம் இருக்குங்கிறார் சார். துப்பாக்கியோட தொட்டிகிட்ட நிக்கப் போறேங்கிறார்."

"பாத்தீங்களா சார்," என்று காவல்காரர் சிரித்தார். "இவளையும் சேத்துட்டானுங்க. எனக்குத் தெரியும்." குமாஸ்தாக்களும் சிரித்தார்கள். பெண்டாட்டியைக் கேலி பண்ணுகிறார் என்று நினைத்தார்கள்.

"புருஷன் பெண்டாட்டி சண்டையை இங்கே கொண்டு வராதீங்கம்மா," என்றார் ஆபீசர். "மருந்து சாப்பிடுறாரா இல்லையா, அதுதான் கேள்வி. புத்தி சரியா இருக்கான்னு இதுல ஒரு கேள்வியும் இல்ல." சொல்லிக்கொண்டே முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றினார்.

காவல்காரர் துப்பாக்கிப் பக்கம் கையை நீட்டிவிட்டார். "முதல்ல அந்தத் தொட்டி மேல ஏறி…" என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார்.

மூக்கக்கா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். உள்ளங்கையில் வைத்து அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். முட்டையும் ஓட்டுத் துணுக்கும் காய்ந்து ஒட்டியிருந்த கை. அவர் பேச்சு பாதியில் நின்றது. கண் எங்கேயோ இருந்தது, வாய் திறந்துகொண்டது.

ஆபீசர் மேசையில் மூடி வைத்திருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்தாள். எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை. முழுங்கினார்.

"நாக்கைத் தூக்குங்க."

தூக்கினார். அவர் தாடையைப் பிடித்து ஆபீசர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்போ சாப்பிடுறார். எழுதிக்கோங்க."

"சார், அது ஏதோ சத்து மாத்திரை," என்றார் மேனேஜர். மூக்கக்கா அட்டையை விண்ணப்பத்தின் மேல் வைத்தாள். ஆபீசர் மருந்தின் பெயரைப் படித்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் துப்பாக்கியை உள்ள எடுத்து வை," என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

துப்பாக்கி உள் அறைக்குப் போவதைக் காவல்காரர் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி."

"ஆமா, போட்டுட்டேன். வாங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம். டாக்டரம்மாகிட்ட என்னைத் திட்டலாம்."

அவர் நகரவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நாலடி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். குடை வாங்கினவர்கள் யாரும் அங்கே இல்லை. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனை எடுத்து, "ஒரு ஆள் குறையுது, வேற லைசென்ஸ்காரன் இருந்தா பாரு," என்று யாரிடமோ சொன்னார்.

"அடுத்த ஆள்," என்றார் ஆபீசர்.

சீசா முன்னால் வந்தார். பெஞ்சு வரைக்கும் சாராய நெடி அடித்தது. ஆபீசருக்கு அது தெரியாமல் இருக்குமா? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒரு மருந்தும் கிடையாது சார்."

"கையை நீட்டுங்க."

சீசா நீட்டினார். விடியற்காலையிலேயே ஊற்றிக்கொண்ட கை, இம்மியும் ஆடவில்லை. ஆபீசர் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.